காட்டு நில அனுபவத்தை உரிமைப் பத்திரமாக்குவது எப்படி: வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மலைக்கிராமம் செய்ய வேண்டியவை

மலைக்கிராமங்களில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "பாட்டன் காலத்திலிருந்து நாங்கள்தான் உழுகிறோம், ஆனால் கையில் காகிதம் இல்லை" என்பதுதான் முதலில் காதில் விழும். அந்தக் காகிதத்தைத் தருவதற்கென்றே 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2007 டிசம்பர் 31 முதல் அது நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் மட்டும், நீதிமன்றத்தின் அனுமதியின்றி இறுதி உரிமைப் பத்திரம் வழங்கக் கூடாது என்று 2008இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு 2016 வரை நீடித்ததால், மற்ற மாநிலங்கள் நடந்து பழகிய பாதையில் நாம் எட்டாண்டு பிந்தித்தான் கால் வைத்தோம்.

இந்தச் சட்டத்தின் நடைமுறையைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தால் பட்டா கிடைக்கும் என்று நினைத்து, குறைதீர்க்கும் நாள்தோறும் மலையிறங்கி வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஆட்சியரிடம் நேரடியாகக் கொடுக்கும் மனுவுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. உரிமை கோரும் மனுவை வாங்குவதும், விசாரிப்பதும், தீர்மானம் போடுவதும் கிராம சபையின் வேலை. நிராகரிக்கப்பட்ட மனுக்களின் கட்டை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஆட்சியர் மேசைக்குப் போவதற்கு வெகு முன்னரே, ஊரில் கூடிய முதல் கூட்டத்தின் பதிவேட்டிலேயே பழுதாகியிருப்பது தெரியும். ஆகவே இந்த வழிகாட்டி ஊரில் செய்ய வேண்டிய வேலைகளுக்கே அதிக இடம் ஒதுக்குகிறது.

படி 1: நிலமும் மனுதாரரும் சட்டத்துக்குள் வருகிறார்களா?

காப்புக்காடு, வகைப்படுத்தப்படாத காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகிய எல்லாமே இந்தச் சட்டத்தின்படி வனநிலம்தான். வருவாய்த் துறையின் சாதாரணப் புறம்போக்காக இருந்தால் வழி வேறு. எனவே முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைக் காட்டி, நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பட்டியல் பழங்குடியினராக இருந்தால், 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்து அந்த நிலம் அனுபவத்தில் இருந்ததையும், பிழைப்புக்குக் காட்டைச் சார்ந்திருப்பதையும் காட்டினால் போதும். பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் "பிற பாரம்பரிய வனவாழ் மக்கள்" என்ற பிரிவில் வருவார்கள். அவர்கள் அதே தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அந்தக் காட்டுப் பகுதியில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளி மக்களின் இக்கட்டு இதுதான். சேலம், தருமபுரி மாவட்டங்களில் பழங்குடியாக அங்கீகரிக்கப்பட்ட அதே மக்கள், மாவட்ட எல்லை மாறியதும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். அண்ணன் சேலத்திலும் தம்பி பர்கூரிலும் இருந்தால், அண்ணனுக்கு 2005ஆம் ஆண்டுச் சான்று போதும், தம்பி 1930க்குப் போக வேண்டும்.

இங்கே அதிகாரிகளிடமும் அடிக்கடி காணப்படும் ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். 75 ஆண்டு என்பது அந்தப் பகுதியில் வாழ்ந்ததற்கான கணக்கே தவிர, குறிப்பிட்ட அந்த இரண்டு ஏக்கரை 75 ஆண்டு உழுததற்கான கணக்கல்ல. நில அனுபவத்துக்கு இரு பிரிவினருக்கும் ஒரே தேதிதான்.

படி 2: ஊரை ஊராக ஏற்கச் செய்தல்

தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சியின் கீழ் பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்கள் மலையெங்கும் சிதறிக் கிடப்பது வழக்கம். ஊராட்சி மன்றக் கட்டிடம் இருக்கும் பெரிய ஊரில் கிராம சபையைக் கூட்டினால், பதினைந்து கிலோமீட்டர் யானைக் காட்டைக் கடந்து வர வேண்டிய இருளர் பதியிலிருந்தோ சோளகர் தொட்டியிலிருந்தோ நான்கு பேர்தான் வருவார்கள். வந்தாலும், அவர்களுடைய நிலத்தைப் பற்றித் தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களே சிறுபான்மையாக இருப்பார்கள்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. வனக்கிராமம், பழைய குடியிருப்பு, அளவை செய்யப்படாத குடியிருப்பு ஆகியவை அரசிதழில் அறிவிக்கப்படாவிட்டாலும் "கிராமம்" என்ற விளக்கத்துக்குள் வரும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (அரசியலமைப்பின்படி பழங்குடிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடம்) எதுவும் இல்லாததால், நமக்கு உதவும் வாசல் இதுதான். 2012ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி, இத்தகைய குடியிருப்புகளின் பட்டியலை ஊராட்சி தயாரித்து, அந்தந்தக் குடியிருப்பின் சபையில் நிறைவேற்றி, கோட்டாட்சியர் தலைமையில் இயங்கும் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வீடுகளின் எண்ணிக்கை, குடும்பத் தலைவர்களின் பெயர்கள், கோயில், சுடுகாடு, குடிநீர் ஊற்று ஆகியவற்றைக் குறித்து, தனிக் கிராம சபையாக ஏற்கக் கோரி ஊராட்சித் தலைவருக்கும் கோட்டாட்சியருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். ஆயினும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்த ஊர்கள்தான் பின்னால் அதிகம் அவதிப்பட்டிருக்கின்றன.

படி 3: கிராம சபையும் வன உரிமைக் குழுவும்

முதல் கிராம சபைக் கூட்டத்தில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழங்குடியினர் வாழும் ஊரில் குழுவின் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களாகவும் இருக்க வேண்டும். குழு ஒரு தலைவரையும் செயலாளரையும் தெரிவு செய்து, அதைக் கோட்ட அளவிலான குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். செயலாளராக நன்றாகப் பேசுபவரைவிட, தேதி போட்டு எழுதும் பழக்கமுள்ளவரைத் தேர்ந்தெடுங்கள்.

கூட்டம் செல்லுபடியாக, சபையின் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். மனுக்களின் மீது தீர்மானம் போடும் நாளில், மனுதாரர்களில் பாதிப் பேராவது நேரிலோ பிரதிநிதி மூலமோ இருந்தாக வேண்டும். நான் உடனிருந்து உதவிய ஓர் ஊரில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் கூடி, மழையில் நனைந்தபடி தீர்மானம் போட்டார்கள். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் மட்டும் இருந்தன. ஊரின் மொத்த வாக்காளர் எத்தனை, வந்தவர் எத்தனை, அவர்களில் பெண்கள் எத்தனை என்ற ஒரு வரி இல்லாததால், ஏழு மாதம் கழித்து முழுக் கட்டும் திரும்பி வந்தது. அந்த ஒரு வரியை எழுதும் பொறுப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், பதிவேட்டின் முதல் பக்கத்தில் அந்த மூன்று எண்களை எழுதிய பிறகே கூட்டத்தைத் தொடங்கச் சொல்கிறேன்.

படி 4: எந்த உரிமை, எந்தப் படிவம்?

குடியிருக்கும், பயிர் செய்யும் நிலத்துக்கான தனிநபர் உரிமைக்குப் படிவம் ஏ. மேய்ச்சல், மீன்பிடிப்பு, தேன், கடுக்காய், நெல்லிக்காய், சீமார்ப்புல் போன்ற சிறுவனப் பொருள் சேகரிப்பு ஆகிய சமூக உரிமைகளுக்குப் படிவம் பி. ஊரார் வழிவழியாகப் பேணிப் பயன்படுத்தி வரும் காட்டுப் பரப்பை நிர்வகிக்கும் சமூக வனவள உரிமைக்குப் படிவம் சி. படிவங்களை இலவசமாகத் தருவது கோட்ட அளவிலான குழுவின் கடமை. காசு கேட்பவரிடம் வாங்க வேண்டாம்.

பெரும்பாலான ஊர்கள் படிவம் ஏ-யை மட்டும் போட்டுவிட்டு அடங்கிவிடுகின்றன. நான் முதலில் போடச் சொல்வது படிவம் சி. தனிநபர் உரிமைக்கு நான்கு ஹெக்டேர், அதாவது பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, என்ற உச்சவரம்பு உண்டு. சமூக வனவள உரிமைக்கு அப்படிப்பட்ட வரம்பு இல்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மெண்டா லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இந்த உரிமையைப் பெற்று, பிறகு தன் மூங்கிலைத் தானே விற்றது. நமக்கு இன்னும் பக்கத்தில், தாளவாடிக்கு அந்தப்புறம் கர்நாடகத்தில் உள்ள பிலிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்களின் சமூக உரிமைகள் 2011இல் அங்கீகரிக்கப்பட்டன. ஒரே மக்கள், ஒரே காடு, நடுவில் ஒரு மாநில எல்லை. ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை வேண்டாம் என்று சொன்னதும் இதே சட்டத்தின் பலத்தில்தான்.

பர்கூர் போன்ற இடங்களில் மேய்ச்சல் உரிமைக்கான படிவம் பி நிலப் பட்டாவுக்கு இணையான அவசரம் உடையது. 2022இல் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் சுருக்கியது. 2024 ஜனவரியில் அந்த மலையிலேயே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கப்படும் பர்கூர்ச் செம்மறை மாட்டுக்கு, எழுத்தில் உள்ள மேய்ச்சல் உரிமைதான் இனி அரண். சரணாலயமாக அறிவிக்கப்படுவதால் வன உரிமை தானாக அற்றுப்போகாது. ஆனால் கேட்காத உரிமையை யாரும் தேடி வந்து தருவதில்லை.

படி 5: சான்றுகளைத் தேடுதல்

மனுக்களுக்கு அழைப்பு விடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் அவகாசம் உண்டு. காரணத்தை எழுதி, கிராம சபையே அதை நீட்டிக்கலாம். அந்த அவகாசத்தில் பெரும்பகுதி சான்று தேடுவதிலேயே செலவாகும். மனுவுடன் குறைந்தது இரண்டு சான்றுகள் இருக்க வேண்டும் என்று 11ஆம் விதியும், முடிவெடுக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைப் பார்க்க வேண்டும் என்று 13ஆம் விதியும் சொல்வதால், ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு கட்டாயம், முடிந்தால் மூன்று சேர்ப்பது நல்லது.

வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது ஆகியவை எளியவை. அவற்றைவிட வலுவானது, பல குடும்பங்கள் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கும் ஒரு காகிதம்: காட்டை ஆக்கிரமித்ததாக வழக்குப் போட்டு வனத்துறை வசூலித்த அபராத ரசீது. தகரப் பெட்டியின் அடியில், ரேஷன் கார்டின் உறைக்குள், நான்காக மடித்து, மடிப்பு கிழிந்த நிலையில் அது கிடைக்கும். 1998ஆம் ஆண்டுத் தேதியிட்ட அபராத ரசீது, அந்த ஆண்டில் அவர் அந்த நிலத்தில் இருந்தார் என்பதற்கு வனத்துறையே எழுதிக் கொடுத்த சாட்சியம். மழுங்கிப் போகும் முன் அதைப் படம் எடுத்து, நகலெடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஆக்கிரமிப்பைக் குறித்து வருவாய்த் துறை கொடுத்த பி மெமோவுக்கும் இது பொருந்தும்.

நிலமே சான்றாவதும் உண்டு. கல் அடுக்கிய வரப்பு, சமன் செய்த படிக்கட்டு நிலம், தடுப்பணை, பழைய கிணறு, இடுகாடு, குலதெய்வக் கல் ஆகிய யாவும் விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட வகைகளே. பலா மரத்தின் அடிச்சுற்றை நூல் பிடித்து அளந்து, மனுதாரர் அருகில் நிற்கும் படத்துடன் சேர்க்கலாம்.

அடுத்தது மூத்தோர் வாக்குமூலம். விதிகளின்படி மனுதாரர் அல்லாத ஒரு பெரியவர் சொல்வதை எழுத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஊரில் எல்லாருமே மனுதாரர்களாக இருந்தால் அதையே காரணம் காட்டிக் கேள்வி எழுப்பக்கூடும் என்பதால், பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு. "எந்த ஆண்டு?" என்று பெரியவரிடம் கேட்பதில் பயனில்லை. "வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட சேதி வந்தபோது இந்தக் காட்டில் என்ன விதைத்திருந்தார்கள்?" என்று கேளுங்கள். அது 2004 அக்டோபர். ராகி அறுப்புக்கு நின்றது என்றோ, அவரை காய்த்திருந்தது என்றோ உடனே பதில் வரும். "கடற்கரையில் சுனாமி வந்தபோது?" என்றால் அது அதே ஆண்டு டிசம்பர். இரண்டும் சட்டம் கேட்கும் 2005 டிசம்பர் 13க்கு முந்தியவை. இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால், "பவானிசாகர் அணை கட்டும்போது நீங்கள் மாடு மேய்க்கும் வயதா, கலியாணமாகிவிட்டதா?" என்று கேட்கலாம். அணைப் பணி 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது.

வாக்குமூலத்தை இப்படி எழுதலாம்: "நான் இவ்வூரில் பிறந்தவன். எனக்குச் சுமார் 82 வயது. பவானிசாகர் அணை கட்டிய காலத்தில் என் தகப்பனாருடன் மேற்படி நிலத்தின் தென்புறம் மாடு மேய்த்திருக்கிறேன். அப்போது மனுதாரரின் தாத்தா அங்கே ராகியும் சாமையும் விதைத்து வந்தார். நிலத்தின் வடக்கே உள்ள கல்வரப்பு அவர் போட்டது. இதைப் படித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று கைநாட்டு வைத்தேன்." சட்டச் சொற்களைப் புகுத்தி இதை அழகுபடுத்த வேண்டாம். எல்லா வாக்குமூலமும் ஒரே வாசகத்தில் இருந்தால், அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் மாற்றியதாகத்தான் குழுவுக்குத் தோன்றும்.

75 ஆண்டுச் சான்று தேடுபவர்கள் வீட்டுப் பெட்டியோடு நின்றுவிடக் கூடாது. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்தின்படி காப்புக்காடுகளை அறிவித்தபோது, அங்கிருந்த பாதைகளையும் மேய்ச்சல் உரிமைகளையும் விசாரித்து அலுவலர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். மாவட்ட கெஜட்டியர்கள், பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியல்கள், ஊரின் பெயர் அச்சான பழைய நில அளவை வரைபடங்கள் ஆகியவற்றை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். வனத்துறையின் பழைய பணித்திட்ட அறிக்கைகளையும் மேய்ச்சல் அனுமதிச் சீட்டுகளின் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாவட்ட வன அலுவலரிடம் கேட்கலாம். ஊரின் பெயர் ஒரு முறை கிடைத்துவிட்டால், அது ஊரிலுள்ள எல்லா மனுக்களுக்கும் பொதுச் சான்றாகும். மீதி வேலை வம்சாவளியை எழுதுவதுதான்.

படி 6: களஆய்வும் அளவையும்

வன உரிமைக் குழு ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டுக் கொடுத்த பின், மனுதாரருக்கும் வனத்துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து நிலத்துக்குப் போக வேண்டும். ஜி.பி.எஸ். வசதியுள்ள கைப்பேசியுடன் எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூலையிலும் புள்ளி எடுத்து, பக்கத்து நிலத்துக்காரரையும் உடன் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எல்லைத் தகராறு இருந்தால் அங்கேயே ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வனத்துறையினர் வராமல் இருந்துவிட்டு, "எங்களை வைத்து ஆய்வு செய்யவில்லை" என்று பிறகு ஆட்சேபிப்பது உண்டு. இதற்கு விதி தெளிவாக உள்ளது. ஆட்சேபம் வந்தால் மனுவை மறு ஆய்வுக்குக் கிராம சபைக்குத் திருப்பலாம், நிராகரிக்க முடியாது. மறு ஆய்வுக்கும் அவர்கள் வராவிட்டால், களஆய்வில் கிராம சபை எடுத்த முடிவே இறுதியானது. ஆகவே அழைப்புக் கடிதத்தின் நகலும் தபால் ஒப்புகை அட்டையும் மனுவுடன் இருந்தே தீர வேண்டும்.

படி 7: தீர்மானமும் மேல் குழுக்களும்

குழுவின் அறிக்கையைக் கிராம சபையில் வாசித்து, ஒவ்வொரு மனுவுக்கும் பெயர், பரப்பு, சான்றுகள் ஆகியவற்றுடன் தனித்தனியாகத் தீர்மானம் நிறைவேற்றி, கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். "அனைத்து மனுக்களும் ஏற்கப்பட்டன" என்ற ஒற்றை வரித் தீர்மானத்தைத் தவிர்க்கவும். கோட்டக் குழு பரிசீலித்து, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு அனுப்பும். மாவட்டக் குழுவின் முடிவே இந்தச் சட்டத்தில் இறுதியானது. அதற்கு மேல் உயர்நீதிமன்றம்தான்.

மேல் குழுக்கள் கிராம சபைத் தீர்மானத்தை மாற்றினாலோ நிராகரித்தாலோ, விரிவான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபையின் மறுப்பையும் கோட்டக் குழுவின் பரிந்துரையையும் மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். அந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். செயற்கைக்கோள் படத்தில் விளைநிலம் தெரியவில்லை என்று மட்டும் சொல்லி மனுவைத் தள்ள முடியாது. அந்தப் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாகலாமே தவிர, அவற்றுக்கு மாற்றாகாது. மரங்களுக்கிடையே மிளகும் காப்பியும் வைத்தவரின் நிலம் வானத்திலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்தவும் குழுக்களுக்கு அதிகாரம் இல்லை.

2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றுமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு, அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவைத் தானே நிறுத்தி வைத்தது. காரணம் சொல்லாமலும், மனுதாரருக்கே தெரியாமலும் ஏராளமான மனுக்கள் தள்ளப்பட்டிருந்தது அப்போதுதான் பேசுபொருளாயிற்று. உங்கள் மனு என்ன ஆனது என்று தெரியாவிட்டால், அது நிலுவையில் இருப்பதாக நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். விசாரணை முழுமையாக முடியும்வரை அனுபவத்தில் உள்ள வனநிலத்திலிருந்து யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று நான்காம் பிரிவு கூறுகிறது. வேலி பிடுங்க வருபவரிடம் காட்டுவதற்கு மனுவின் ஒப்புகைச் சீட்டு கைவசம் இருக்கட்டும்.

படி 8: பத்திரம் கைக்கு வந்த பின்

வழங்கப்படும் உரிமைப் பத்திரத்தை விற்க முடியாது, பிறர் பெயருக்கு மாற்ற முடியாது. வாரிசுகளுக்குச் சேரும். மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். வாங்கும் மேடையிலேயே மனைவியின் பெயர் விடுபட்டிருக்கிறதா, பரப்பு கிராம சபைத் தீர்மானத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஏக்கருக்குத் தீர்மானம் போட்டு, நாற்பது சென்ட்டுக்குப் பத்திரம் வந்தால், அது பரப்பை மாற்றிய முடிவு. அதற்கான எழுத்துபூர்வக் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள், விடுபட்ட நிலத்துக்கான கோரிக்கையை விட்டுவிடாதீர்கள்.

பத்திரத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. வனத்துறையும் வருவாய்த் துறையும் இறுதி வரைபடம் தயாரித்து, மூன்று மாதங்களுக்கு மிகாமல் தங்கள் பதிவேடுகளில் இந்த உரிமையை ஏற்ற வேண்டும். நான்காவது மாதத்தில் தாலுகா அலுவலகத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் போய், உங்கள் ஊரின் பெயர் ஏறிய பக்கத்தின் நகலைக் கேளுங்கள். ஏறியிருக்காவிட்டால் அன்றே மனு எழுதிக் கொடுத்து, தேதி போட்ட முத்திரை வாங்கிக்கொண்டு மலையேறுங்கள்.